மழை நாளில் ஏற்காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை தானாக வந்து சேரும். வெளியூர் உறவுக்காரர்களை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போவதுதான் அது. கோடையில் வருகிறவர்கள் ஒன்றும் கேட்பதில்லை, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள்தான் முதல் நாள் ராத்திரியே போன் போட்டுக் கேள்வியாகக் கேட்பார்கள். இத்தனை வருடமாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு நாள் பயணத்துக்கான பதில்கள்.

காலையிலிருந்து மழை. பயணத்தைத் தள்ளிப் போடலாமா?

எந்த மழை என்று பார்க்க வேண்டும். சாரல், தூறல், விட்டுவிட்டுப் பெய்யும் மழை என்றால் தாராளமாகக் கிளம்புங்கள். கீழே சேலம் அஸ்தம்பட்டியில் குடை பிடிக்க வைக்கும் மழை மேலே இல்லாமல் போவதும் உண்டு. கீழே வெயில் காயும்போது மேலே கொட்டித் தீர்ப்பதும் உண்டு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இரண்டு ஊருக்கும் ஒரே வானம் கிடையாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்தால், பாதிக்கு மேல் மேகம் மூடியிருக்கிறதா, முடி மட்டும் மறைந்திருக்கிறதா என்று தெரியும். பாதிக்கு மேல் மறைந்திருந்தால் மேலே நனைவது உறுதி.

புயல் மழை என்றால் பேச்சே இல்லை, போகாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களில் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் மாவட்ட நிர்வாகம் தடுக்காவிட்டாலும் நீங்களே நின்றுவிடுங்கள். மலைச் சரிவில் மண் ஊறியிருக்கும். மழை விட்ட பிறகுகூடச் சரியும்.

எந்த வழியாக ஏறுவது?

இரண்டு வழி உண்டு. கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த சாலை. அயோத்தியாப்பட்டணம் பக்கம் குப்பனூர் வழியாக ஏறுவது இன்னொன்று. மழை நாளில் நான் முதல் சாலையைத்தான் சொல்வேன். பேருந்தும் போலீசும் ஆள் நடமாட்டமும் இருக்கும் சாலை அது. ஏதாவது ஒன்று என்றால் பின்னாலேயே ஒரு பஸ் வந்து நிற்கும்.

மலையில் ஓட்டிப் பழக்கமில்லாத மாப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தனிக்குறிப்பு. ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவுக்கு முன்னால் ஒரு ஹார்ன் அடியுங்கள். மேகத்துக்குள் நுழைந்ததும் ஹெட்லைட்டை ஹை பீமில் போடாதீர்கள். முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியது மாதிரி ஆகிவிடும், லோ பீம்தான் சாலையைக் காட்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி மலையில் கருகிய வாடை வரும். அது பக்கத்து வண்டியிலிருந்து வருகிறது என்று எல்லா மாப்பிள்ளையும் சொல்வார்கள்.

வண்டி இல்லையென்றால் சேலம் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. மழை நாளில் என் ஓட்டே பேருந்துக்குத்தான். அந்த ஓட்டுநர்கள் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குகிறவர்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

திரும்பும் நேரத்தை முதலில் சொல்லுங்கள், கிளம்பும் நேரத்தை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இதற்குக் ‘கப்பல் கணக்கு’ என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2023ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் விட ஆரம்பித்தார்கள். வாழ்நாளில் ஒருமுறை என்று நாங்களும் ஏறினோம். கடலே பார்க்காத ஊர்க்காரர்களுக்குக் கப்பலில் சாப்பாடும் வாந்தியும் மாறி மாறி நடந்தன. அதை விடுங்கள். காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் சுற்றிப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது ஒரே பகல். அந்த ஊருக்கு மழைக்காலம் ஐப்பசிக்கு மேல்தான் என்றார்கள். எங்களுக்கென்று அன்று காலையே பிடித்துக்கொண்டது. நல்லூர் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொப்பலாக நனைந்த சட்டையைக் கழற்றச் சொன்ன ஒரே கோயில் என்பதால் எனக்கு அது வரமாகத்தான் பட்டது. சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கோட்டையைப் பார்க்க வேண்டும், நூலகத்தைப் பார்க்க வேண்டும், கடற்கரைக்குப் போக வேண்டும் என்று மைத்துனர் ஒரு பட்டியலே வைத்திருந்தார். மழையில் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏற இரண்டு மடங்கு நேரம் ஆனது. கோட்டை வாசலில் என் மனைவி மணியைப் பார்த்துவிட்டு, “போதும், திரும்புவோம்” என்றாள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு முன்பாகவே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். மைத்துனர் ஒரு வாரம் வருத்தத்தில் இருந்தார், ஆனால் கப்பலில் இருந்துகொண்டு.

அப்புறம் ஏற்காட்டுக்கும் அதே கணக்கை வைத்துக்கொண்டோம். கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மழை மேகம் இருந்தால் ஐந்தரைக்கே இருட்டு. ஆகவே நான்கு மணிக்கு ஏற்காட்டை விட்டு வண்டி கிளம்பிவிட வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மேலே ஆறு, ஏழு மணி நேரம் வேண்டுமென்றால் காலை ஏழரைக்குச் சேலத்தை விட்டாக வேண்டும். மழை நாளில் நான்கு இடத்துக்கு மேல் பட்டியலில் வைக்காதீர்கள். மூன்று போதும்.

லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் ஒன்றுமே தெரியாதாமே?

உண்மைதான். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து மலைப்பாதை வளைவுகளும் சேலம் நகரமும் கீழே விரிந்து கிடக்கும். மேகம் மூடிய நாளில் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெறும் வெள்ளை. பகோடா பாயிண்டிலும் இதே கதைதான். காசு கொடுத்துத் தொலைநோக்கியில் பார்த்தாலும் பக்கத்தில் வந்த வெள்ளைதான் தெரியும்.

இருபது நிமிடம் நில்லுங்கள். மேகம் அசைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அசையவில்லை என்றால் அதற்கு மேல் நிற்காதீர்கள். மழை நாளில் ஏற்காட்டில் தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றுக்குத்தான் அன்று அழகு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருக்கும். மழை நின்று கால் மணி நேரமான பிறகும் அந்த மரத்தடியில் மட்டும் மழை பெய்துகொண்டிருக்கும். மேலிருந்து இலைக்கு இலை சொட்டு இறங்கி, கடைசியில் மிளகுச் சரத்தின் நுனியில் வந்து தொங்கும். போன வருடம் சித்தப்பா பேரன் அந்தச் சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றான். வியூ பாயிண்டில் அவன் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஏரியில் படகு ஓடுமா?

தூறலில் சில சமயம் ஓடும். காற்றும் மழையும் வலுத்தால் நிறுத்திவிடுவார்கள். படகுத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஊருக்கே ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கரையோரம் நடந்தாலே ஏரியைப் பார்த்ததாகத்தான் கணக்கு.

கிளியூர் அருவியில் இப்போது தண்ணீர் கொட்டுமே, போகலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, எல்லோருக்கும் பிடிக்காத பதிலும் இதுதான். மழை பெய்யும்போது போகாதீர்கள்.

சுமார் 300 அடி உயர அருவி. வெயில் காலத்தில் போனால் பாறைதான் இருக்கும். ஆகவே மழையில்தான் போக வேண்டும் என்று தோன்றுவது நியாயம். ஆனால் ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அங்கே போய் விழுகிறது. மேலே எங்கோ பெய்யும் மழைக்கு இங்கே சட்டென்று நீர் ஏறும். இறங்கும் வழி செங்குத்து, படிகளில் பாசி. இறங்குவதற்குக் கால் வழுக்கும், ஏறுவதற்கு மூச்சு வாங்கும். மழை விட்ட மறுநாள் காலை போனால் தண்ணீரும் இருக்கும், படியும் ஓரளவு காய்ந்திருக்கும். அப்போதும் பார்ப்பதோடு சரி, குளியல் வேண்டாம். வழியை அடைத்து வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது என்று திரும்பிவிடுங்கள்.

அப்படியென்றால் மழையில் எதைத்தான் பார்ப்பது?

இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். என் பட்டியலில் மூன்று இடம்.

முதலாவது சேர்வராயன் கோயில். மலையின் உச்சியில் 5,326 அடி உயரத்தில், தட்டையான ஒரு வெளியில் இருக்கிறது. சேர்வராயன் மலை என்று பெயர் வந்தது இந்தச் சாமியால்தான். வெள்ளைக்காரன் வாயில் அது ‘ஷெவராய்’ ஆனது. கோயில் என்றால் கோபுரத்தைத் தேடாதீர்கள், அது ஒரு குகை. தலையைக் குனிந்து உள்ளே போனால் சேர்வராயரும் காவேரியம்மனும் இருப்பார்கள். கோடையில் மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடும். மழை நாளில் நீங்களும் பூசாரியும்தான். வெளியே வந்தால் முன்னால் நடப்பவரின் முதுகு மட்டும் தெரியும் அளவுக்கு மேகம் தரையோடு போகும். கால் வைக்கும் செம்மண்ணையும் கவனியுங்கள், அலுமினியத்துக்கு மூலமான பாக்சைட் இருக்கும் மண் அது. செருப்பில் ஒட்டினால் லேசில் போகாது. காருக்குள் ஏறும் முன் புல்லில் துடைத்துவிடுங்கள், வண்டி என்னுடையது.

இரண்டாவது, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்கா. 1963ல் தொடங்கியது. பூ பெரிதாகப் பூத்துக் குலுங்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், அது ஆய்வுத் தோட்டம். சில ஆர்க்கிட் பூக்கள் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். குனிந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கான இடம் அது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைத் தாவரம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாளா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடம் ஹோலி டிரினிட்டி ஆலயம். மழையில் இதற்கு ஈடு இல்லை என்பேன். பழைய கல்லறைத் தோட்டங்களை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த ஆலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் நினைவாக ஒரு கல் இருக்கிறது. 1863ல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, ஆதி மனிதன் இந்த மண்ணில் வாழ்ந்திருக்கிறான் என்று காட்டியவர் அவர்தான். நிலவியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில் குடியேறினார்.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவலும் இங்கே வாழ்ந்தவர்தான். அந்தப் பெயரில்தான் எனக்குப் பொறி தட்டியது. பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்திய பாதிரியார். அவரிடம் படித்து, அவரோடு சேர்ந்து பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்க உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பெர்சிவல் பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874ல் வெளியிட்டார். 1882ல் ஏற்காட்டில் காலமானார். கப்பலில் போய், நல்லூரில் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரில், இன்னொரு மழை நாளில், குடையைச் சாய்த்துப் பிடித்துக் கல்லெழுத்தைப் படித்தபோதுதான் நூல் பிடித்துப் பார்த்தேன். நனைந்த கல்லில் எழுத்து தெளிவாகத் தெரியும், அதற்காகவே மழையில் போகலாம். வழிபாட்டு நேரத்தில் மட்டும் உள்ளே போய்த் தொந்தரவு செய்யாதீர்கள்.

காப்பித் தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

சாலையோரம் நின்று பார்க்கலாம். உள்ளே போவதற்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்தவர், அவர் கட்டிய கிரேஞ்ச் மாளிகை இன்னும் நிற்கிறது. மலை முழுக்க லூப் ரோடு ஒன்று 32 கிலோமீட்டர் சுற்றி வருகிறது. இரண்டு பக்கமும் தோட்டம்தான். கார்த்திகை, மார்கழியில் போனால் செடியில் பழம் சிவந்திருக்கும். உங்களுக்கு மழை அழகு, தோட்டக்காரருக்கு அது வயிற்றெரிச்சல். பழுத்த பழம் மழையில் உதிரும், பறித்ததைக் களத்தில் காயவைக்க முடியாது. ஆகவே தோட்ட வாசலில் நிற்பவரிடம் “என்ன ஒரு கிளைமேட்!” என்று ஆரம்பிக்காதீர்கள். மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. மேகத்துக்குள் செடிகளுக்கு நடுவே நடந்து போட்டோ எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

என்ன எடுத்து வர வேண்டும்?

குடையை நம்பாதீர்கள். மேலே காற்று பக்கவாட்டில் அடிக்கும், குடை மேல்நோக்கி மலர்ந்துவிடும். தொப்பி வைத்த ரெயின்கோட்தான் உதவும். கீழே இருப்பதைவிட மேலே ஏழெட்டு டிகிரி குளிர் அதிகம், நனைந்தால் இன்னும் நடுக்கும். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஒரு துண்டு, இரண்டு ஜோடி சாக்ஸ். வளைவில் வயிற்றைப் புரட்டுகிறவர்கள் எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் இட்லியோடு நிறுத்துங்கள். பூரி கிழங்கு தின்றுவிட்டு ஏறிய பெரியப்பாவின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வயதான அத்தை வருகிறார்கள். கூட்டிப் போகலாமா?

போகலாம். கிளியூரும் படிக்கட்டுகளும் வேண்டாம், அவ்வளவுதான். சேர்வராயன் கோயில் குகையில் குனிய வேண்டியிருக்கும், முட்டிவலி இருந்தால் வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும். அத்தைமார்கள் பொதுவாக மழையைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. டீ சூடாக இல்லை என்றுதான் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்கு?

மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் ஓட்டல்கள் இருக்கின்றன, அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. மழையில் ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜிதான் சாப்பாடு. கண்ணெதிரே சட்டியிலிருந்து எடுப்பதை வாங்குங்கள். தட்டில் அடுக்கி வைத்திருப்பது ஈரக்காற்றில் ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும்.

கீழே இறங்கிய பிறகு தட்டுவடை செட் சாப்பிடாமல் யாரையும் ரயிலேற்ற மாட்டேன். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். கடைக்காரர் கையில் கொடுத்ததும் வாயில் போட வேண்டும். பார்சல் கட்டாதீர்கள், வீட்டுக்குப் போனால் அது களி.

பாதையை மூடிவிட்டார்கள். சேலத்திலேயே நாளைக் கழிப்பது எப்படி?

சுகவனேசுவரர் கோயிலில் கல் மண்டபம் இருக்கிறது, மழைக்கு ஒதுங்கவும் சாமி கும்பிடவும் ஒரே இடம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில்தான் முதல் மலையாளப் பேசும்படத்தையும் தமிழின் முதல் முழு வண்ணப் படத்தையும் தயாரித்தார்கள். இன்று வளைவு மட்டும் மிச்சம். வண்டியை ஓரம் கட்டி ஒரு போட்டோ, ஐந்து நிமிட வேலை.

“இவ்வளவு மழை பெய்யுதே, மேட்டூர் நிரம்பியிருக்குமே?” என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். சேலத்தில் பெய்யும் மழைக்கும் மேட்டூர் நிரம்புவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. குடகிலும் வயநாட்டிலும் ஆடி மாதம் கொட்டுவதுதான் காவிரியிலும் கபினியிலும் இறங்கி இங்கே வந்து சேர்கிறது. 1934ல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பி 16 கண் மதகில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தால் மட்டும் போங்கள். இல்லையென்றால் சுமார் 50 கிலோமீட்டர் மழையில் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

நான்கு மணி தாண்டிவிட்டது, மழையும் வலுத்துவிட்டது. என்ன செய்வது?

மேலேயே தங்கிவிடுங்கள். கோடை சீசனைத் தவிர மற்ற நாட்களில், அதுவும் மழை நாளில், அறை கிடைப்பது கஷ்டமில்லை. இருட்டிலும் மழையிலும் 20 வளைவு இறங்கி ரயிலைப் பிடிக்க வேண்டியதில்லை. டிக்கெட் காசு போனால் போகட்டும். இது கப்பல் இல்லை, சேலத்தில் மறுநாளும் ரயில் நிற்கும்.

மூன்று மணிக்கு மழை சட்டென்று விட்டுவிட்டால்?

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு லேடீஸ் சீட்டுக்கு ஓடுங்கள். மழை விட்ட முதல் அரை மணி நேரம்தான். மேகம் கிழிந்து கீழே சேலம் துண்டு துண்டாகத் தெரியும், அதில் எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று போன் செய்து கேட்டால் சொல்கிறேன். மூன்று ஐம்பதுக்கு வண்டியில் இருங்கள்.